பூத்தட்டும் வெங்காயப் பட்டறையும்

ஜூன் 3, செவ்வாய்

படித்துத் தெரிந்துகொண்ட ஊர்களை எண்ண முடியாது. கால் பதித்த ஊர்களை இன்று எண்ணினேன். ஏழு. அதில் மூன்று, கல்யாண வீடுகளுக்காகப் போனவை.

எண்ண வேண்டி வந்ததற்குக் காரணம் தங்கப்பழம் அண்ணாச்சி. எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர். நான் அங்கே பயிற்சி ஒருங்கிணைப்பாளர். உறுப்பினர்களை வெளியூருக்கு அழைத்துப்போய் மற்றவர்கள் விவசாயம் செய்வதைக் காட்டித் திரும்பக் கூட்டிவருவது என் வேலை. இதற்குக் கண்டுணர்வு சுற்றுலா என்று பெயர். நான் சேர்வதற்கு முன்னால், போன வருடம் ஒரு முறை போயிருக்கிறார்கள்.

"போன தடவ போனாவல்லா, என்னத்தக் கண்டாவ, என்னத்த உணந்தாவ? பஞ்சாமிர்த டப்பாவோட வந்து எறங்குனாவ" என்றார் அண்ணாச்சி. "இந்தத் தடவ பத்துப் பேராவது புதுசா ஒண்ணு செஞ்சு காட்டணும், கோமு. ஆகஸ்ட் கடைசில பொதுக்கூட்டம். பத்து இல்லன்னா இந்தப் பதவியே எதுக்குன்னு இயக்குநருங்க கேக்காங்க. நானும் கேப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

வேலை போனால் ஆலங்குளத்து அறையைக் காலி செய்துவிட்டு சங்கரன்கோவிலுக்கு, அம்மாவிடம் போக வேண்டும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

போக வேண்டிய இடம் முடிவாகிவிட்டது. தாராபுரத்துக்கு மேற்கே சென்னியப்பன் என்பவரின் மாதிரிப் பண்ணை. இரும்பு வலையும் சூரிய மின்விசிறியும் வைத்துச் சின்ன வெங்காயத்தை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிறாராம். எங்கள் ஊரில் பிடுங்கிய வாரமே விற்றாக வேண்டும். வீட்டில் வைத்தால் சாரல் காற்றில் அழுகிவிடும்.

வெங்காயச் சேமிப்பு பற்றிப் பதினான்கு பக்கக் குறிப்பு தயாரித்து, வரப்போகிற இருபத்தொரு பெண் உறுப்பினர்களுக்கும் கொடுத்தேன். ஆவுடைத்தங்கம் அக்கா அதைக் கையில் எடை பார்த்தார்.

"ஏ புள்ள, இம்புட்டையும் நீயே எழுதிட்டியே. அப்ப நாங்க எதுக்குப் போணும்?"

ஜூன் 11, புதன்

எல்லாரும் பட்டுப் புடவை கட்டப் போகிறார்களாம். தோட்டத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்றேன். "முன்னப் பின்ன தெரியாத வீட்டுக்குப் போறோம், பழசக் கட்டிட்டா போவ முடியும்?" என்றார் பேச்சித்தாய் அக்கா. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதும் அவர்கள் அகராதியில் இல்லை. இரண்டு தார் வாழைப்பழம், ஐந்து கிலோ அல்வா, வெற்றிலை, தட்டுகள். பூ மட்டும் போகிற வழியில்.

பேச்சித்தாய் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் யார் என்ன செய்தாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். என் குறிப்பை நாலாக மடித்து முறுக்கு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தார்.

அம்மா இன்று ஆறு முறை அழைத்தார். யாரோ ஒருவரின் புகைப்படம் அனுப்பியிருக்கிறார். திறக்கவில்லை.

ஜூன் 12, வியாழன். தாராபுரம், கல்யாண மண்டபம்

வேனில் படிக்க மூன்று புத்தகங்கள் எடுத்துவந்தேன். முதல் புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் வயிறு புரண்டது. மைதீன் அண்ணன் வண்டியை ஓரம்கட்டி எலுமிச்சம்பழம் வாங்கித் தந்தார்.

பிறகு ஜன்னலைப் பார்த்தேன். மற்றவர்கள் காலையிலிருந்தே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காட்சி என்று நினைத்துப் பார்த்தேன். அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"மண்ணு செவந்துட்டு பாத்தியளா."

"தென்னைக்கு ஊடால என்னமோ போட்ருக்கான்."

"வேலி என்னா நெருக்கம்! ஆடு தல நொழைய முடியாது."

ஒரு வயலில் வெங்காயத்தைப் பிடுங்கித் தாளோடு வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பின்வரிசையின் தாள், முன்வரிசையின் வெங்காயத்தை மூடியிருந்தது. "ஏ மைதீனு, நிறுத்துடே" என்றார் பேச்சித்தாய் அக்கா. இறங்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார். "ம். போ" என்றார்.

வழியில் பழனி. அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டிய நாள்.

தாராபுரத்தில் மல்லிகை வாங்கித் தட்டுகளில் நிரப்பிக்கொண்டு பத்து மணிக்கு அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டோம். டீக்கடையில் சென்னியப்பன் தோட்டம் எது என்று கேட்டேன். கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, தட்டுகளையும் பட்டுப் புடவைகளையும் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "உங்களுக்காகத்தானுங்க காத்திருக்கறாங்க. நேராப் போயி வேப்பமரத்துல திரும்புங்க."

அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் பந்தல், பெரிய கோலம், நாற்காலிகள். விவசாயிகள் பார்க்க வருவதற்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். வேட்டி சட்டையில் ஒருவர் கும்பிட்டபடி வந்தார். சென்னியப்பன்தான். அவர் மனைவி மயிலாத்தாள் எல்லாருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தட்டுகளை வாங்கி வரிசையாக வைத்தார். நீங்கள் யார் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் வந்தவர்களிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாம். எங்கள் ஊரிலும் அப்படித்தான். நாங்களும் எதையும் சொல்லவில்லை.

பேச்சித்தாய் அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கெணறு எத்தன அடி?"

"எம்பதுங்க. ஒரு கோடைக்கும் வத்துனதில்லீங்க."

"மாடு?"

"கறவை ஆறுங்க. வாங்க, பாக்கலாம்."

தொழுவம் பார்த்தோம். ஆவுடைத்தங்கம் அக்கா அடுக்களை வரைக்கும் போய் அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தார். நான் வெட்கத்தில் நெளிந்தேன். மயிலாத்தாளுக்கோ அது பிடித்திருந்தது. "நல்லாப் பாருங்க, பாக்கத்தான வந்திருக்கறீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எது வரைக்கும் படிச்சிருக்கறீங்க கண்ணு?"

"எம்.ஏ."

"வேலைக்குப் போகோணும்னு இருக்குதுங்களா?"

"போய்க்கிட்டுதாம்மா இருக்கேன்."

"போங்க, போங்க. நாங்க ஒண்ணும் தடை சொல்ல மாட்டோம்."

முற்போக்கான குடும்பம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

சூரிய மின்விசிறி எங்கே என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மின்விசிறி எல்லா ரூம்லயும் இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன். பிறகு வெங்காயம் வைக்கிற இடம் என்று கேட்டேன். மகனைக் கூப்பிட்டு எங்களோடு அனுப்பினார். அந்த மகனின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு கூண்டு. பட்டறை என்கிறார்கள். கல் அடுக்கி மேலே பலகை, பக்கவாட்டில் மூங்கில் தப்பைகள், கூரைக்குத் தென்னங்கீற்று. உள்ளே தாளோடு வெங்காயம். இரும்பும் இல்லை, விசிறியும் இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"அகலம் நாலடிக்கு மேல போகக் கூடாதுங்க" என்றார் அவர். "போனா நடுவுல இருக்கறதுக்குக் காத்துப் படாது. நீளம் எத்தன வேணும்னாலும் போங்க." என் குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தில் காற்றோட்டம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அந்த நாலடி அதில் இல்லை. ஏன் நாலு, ஏன் ஐந்து கூடாது என்று கேட்டேன். ஒரு வருடம் ஐந்தடி போட்டு நடுப்பகுதி முழுக்க அழுகியதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். தன் தோல்வியை இவ்வளவு இயல்பாகச் சொல்லும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

பேச்சித்தாய் அக்கா கிட்டே வந்தார். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தப்பைகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டார். ஆழத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து முகர்ந்தார். உரித்தார். கடித்தார்.

"எப்ப வச்சது?"

"பங்குனியிலங்க."

அக்கா கண்ணை மூடினார். காரத்தினாலா என்று தெரியவில்லை. "மூணு மாசம்" என்றார். பிறகு இருபது பேரும் வரிசையாகக் கையை விட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது.

அதிலும் பட்டுப் புடவைகள். அதிலும் பூத்தட்டுகள். முன்னால் இறங்கிய தரகர் பந்தலுக்குள் வந்து எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். சென்னியப்பன் அவர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அப்ப… நீங்க யாருங்க?"

"நாங்க வெங்காயம் பாக்க வந்தோம்" என்றார் ஆவுடைத்தங்கம் அக்கா.

வந்தவர்கள் பெண் வீட்டார். மாப்பிள்ளையின் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பம்தானாம். இரண்டு தலைமுறைக்கு முன்பு ராஜபாளையத்துக்குப் போய் மில் வைத்தவர்கள். அதனால் எங்கள் பேச்சும் இவர்களுக்குச் சந்தேகம் தரவில்லை. அந்த ஊரில் சென்னியப்பன் தோட்டங்கள் மூன்று. மாதிரிப் பண்ணை கிழக்கே உள்ளது.

முதலில் சிரித்தது மயிலாத்தாள். "பொண்ணையே கையோட கூட்டிட்டு வந்துட்டாங்களேன்னு அப்பவே நெனச்சேனுங்க!" அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் மட்டும் பட்டறைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே ஏற்கெனவே அந்த மகன் நின்றுகொண்டிருந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

புறப்படுகிறோம் என்றதற்கு மயிலாத்தாள் சம்மதிக்கவில்லை. "வந்தவங்க வந்தவங்கதான். இலை போட்டாச்சு." ஒரே பந்தியில் இரண்டு வேன் ஆட்களும் சாப்பிட்டோம். பெண் வீட்டார் வாய் திறப்பதற்கு முன்னாலேயே எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்கள். "கெணத்துல தண்ணி கெடக்கு, பயப்படாதிய." "அடுக்கள விசாலம்." "மாமியா நல்ல மாதிரி." "பையன் பொய் சொல்லத் தெரியாதவன். அஞ்சடி போட்டு அழுவுனதக்கூட சொல்லிட்டான்."

மாதிரிப் பண்ணைக்குப் போய்ச் சேர ஐந்து மணி ஆகிவிட்டது. கதவில் பூட்டு. பண்ணைக்காரர் காலையிலிருந்து என்னை ஒன்பது முறை அழைத்திருக்கிறார். எனக்குச் சிக்னல் இல்லை. பூட்டிய கதவின் முன்னால் பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

ஜூன் 14, சனி

வேனில் பாட்டு, முறுக்கு, சிரிப்பு. எனக்குத் தலைவலி.

ஜூன் 20, வெள்ளி

அண்ணாச்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பண்ணப் பேரு தெளிவா இருக்கு. நம்ம பேனரு தெளிவா இருக்கு. பூட்டு?"

"பேனருக்குப் பின்னால அண்ணாச்சி."

"அப்பொறம் என்ன? பாத்தோம், படிச்சோம்னு எழுதிரு. ஒரு கல்யாண வீட்டுல போய் சாப்ட்டுட்டு வந்தோம்னு இயக்குநருங்கட்ட நான் சொல்ல முடியுமா?"

அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். 'பண்ணையைப் பார்வையிட்டு' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேனா நகரவில்லை.

ஜூலை 2, புதன்

பண்ணைக்குப் போன அன்று சிக்னல் இருந்தது. மூன்று கோடு.

அம்மா அழைப்பார் என்று காலையிலேயே போனின் சத்தத்தை அணைத்து, பைக்குள் அடியில் போட்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதர் வேலையை விட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருந்ததும், நாங்கள் தவறான வீட்டில் உட்கார்ந்து அரிசி டிரம்மைத் திறந்து பார்த்ததும் அதனால்தான். பண்ணைக்காரரை இன்று அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் திட்டினார். பிறகு, "யாரு, மேக்கால சென்னியப்பன் வீட்டுக்கா போனீங்க? நல்ல சாப்பாடு போட்டிருப்பாங்களே" என்றார்.

ஜூலை 9, புதன்

'புதிய முறையைச் செய்து பார்க்க விரும்புவோர்' என்று தலைப்பிட்டு அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து மூன்று வாரம் ஆகிறது. இன்றுவரை ஒரு கையெழுத்து இல்லை. ஆவுடைத்தங்கம் அக்கா வந்தார், உரம் வாங்கினார், பதிவேட்டின் மேல் பையை வைத்து எண்ணெய்க்கறை ஆக்கிவிட்டுப் போனார்.

ஜூலை 26, சனி

சாரல். ஊரெல்லாம் வெங்காயம் பிடுங்குகிறார்கள். நான் வயல் பக்கம் போகவில்லை. போய் என்ன கேட்பது? அழுகுகிறதா என்றா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அறையில் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். நான்கு பெட்டி. பாத்திரங்கள் அரைப் பெட்டி. அந்த மூன்று புத்தகங்களும் அகப்பட்டன. பயணம் போய் வந்த புத்தகங்கள். ஒன்றும் படிக்காமல் திரும்பியவை. குறிப்பேட்டைப் புரட்டியபோது, 'நாலடி' என்று எழுதிய பக்கத்தில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. சென்னியப்பன் மகன் பூபதி நீட்டிய வெங்காயத்தின் சருகு. குறிப்பேட்டை மட்டும் பெட்டியில் போடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

பொதுக்கூட்டம். பெண்கள் வந்து அமரும்போதே முடிவு செய்துவிட்டேன். எழுந்து உள்ளதைப் படித்தேன். மாதிரிப் பண்ணையை நாங்கள் பார்க்கவில்லை. படத்தில் உள்ளது பூட்டிய கதவு. தவறான வீட்டுக்குப் போனோம். அதற்குக் காரணம் என் போன், நான் வேண்டுமென்றே சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். பதிவேட்டில் கையெழுத்து எதுவும் இல்லை.

அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்தார். "ஏன் தாயி இப்பிடி? படம்தான் நல்லா இருந்துச்சே."

"கையெழுத்தா?" பேச்சித்தாய் அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார். "எனக்குப் போடத் தெரியாதுன்னு தெரியாதா? அதுவும், செஞ்சு பாக்க ஆசையான்னுல்லா அதுல எழுதியிருக்காம். ஆசப்பட்டவ போடட்டும். நாங்கதான் செஞ்சிட்டோம்லா."

மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேசை மேல் கவிழ்த்தார். வெங்காயம். சருகு சலசலத்தது. சாரல் முழுக்கத் தாண்டி வந்த வெங்காயம்.

கூட்டம் அப்படியே எழுந்து தெருவுக்கு வந்தது. முதலில் பேச்சித்தாய் அக்கா வீடு. கொல்லையில் பட்டறை நின்றது. ஆனால் நான் பார்த்த பட்டறை இல்லை. கால்கள் இடுப்பு உயரம். மேற்குப் பக்கம் முழுக்கக் கீற்றுத் தட்டி.

"அங்க காஞ்ச காத்து. நம்ம காத்து தண்ணியக் கொண்டாருது" என்றார். "மேற்க மூடிட்டேன். அடியில ஒசத்திட்டேன். காத்து கீழ நொழைஞ்சு கெழக்க போவும். அகலம் மட்டும் நாலடி. அத மாத்தல. அத அந்தப் பையன் ஒரு வருசம் அழுவக் குடுத்துல்லா படிச்சிருக்கான்."

வேனில் ஒரு நிமிடம் நின்று பார்த்த அந்த வயலைப் பற்றியும் சொன்னார். தாளால் வெங்காயத்தை மூடிக் காயவைத்ததை அப்படியே செய்திருக்கிறார். என் பதினான்கு பக்கத்தில் அதுவும் இல்லை.

அடுத்து ஆவுடைத்தங்கம் அக்கா கொல்லை. பிறகு இன்னொன்று. அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். ஒன்பதோடு தெரு முடிந்துவிட்டது. மீதிப் பெண்கள் அடுத்த போகத்துக்குப் போடுவதாகச் சொன்னார்கள். அண்ணாச்சி ஒன்பது விரல்களை நீட்டியபடி நின்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது.

"ஒண்ணு கொறையுதே கோமு. பத்துன்னு எழுத்துல இருக்கு."

"பத்தாவதுல காலைல பைக்க சாச்சி வச்சிட்டுத்தான வந்திய அண்ணாச்சி" என்றார் ஆவுடைத்தங்கம் அக்கா.

அண்ணாச்சி வீட்டுக் கொல்லைக்குப் போனோம். அவர் பைக்கு சாய்ந்து நிற்கிற இடத்தில் பத்தாவது பட்டறை. அவர் மனைவி சொர்ணம் மயினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எங்களோடு வராதவர்கள். பேச்சித்தாய் அக்காவிடம் கேட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"இது ஆட்டுக்கொட்டில்லா?" என்றார் அண்ணாச்சி.

"நம்ம வீட்டுல ஆடு எங்க இருக்கு?" என்றார்கள் மயினி.

தெருவே சிரித்தது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பட்டறையைப் பார்த்தார். பிறகு, இவ்வளவு நேரமும் மற்றவர்கள் செய்ததையே செய்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தப்பைகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டார்.

"பத்து" என்றார். வெங்காயத்தை என் கையில் கொடுத்தார். "அறிக்கைய மாத்தி எழுதாத. இப்ப வாசிச்சத அப்பிடியே அனுப்பு. அடுத்த தடவ மயினியும் வருவா."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பெட்டிகளைப் பிரித்துப் புத்தகங்களை அலமாரியில் வைத்தேன்.

பேச்சித்தாய் அக்கா வந்தார். மயிலாத்தாளுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமாம், எண்ணைப் போடச் சொன்னார். எண் என்னிடம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. சாரலில் பட்டறை நின்றதைக் கேட்டதும் அந்த அம்மாவால் நம்ப முடியவில்லை. ஐப்பசி மழைக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியாமல்தான் வருடா வருடம் விற்றுத் தொலைக்கிறார்களாம். "நாங்க இருவது பேரு வர்றமுங்க. உங்க பட்டறையப் பாக்கோணும்."

"வாங்க, வாங்க. தட்டு ஒண்ணும் கொண்டாராதிய, எங்க ஊர்லயும் தப்பா நெனச்சிருவாவ" என்றார் அக்கா. பிறகு சத்தமாக, "பையன் கல்யாணம் எப்ப?"

நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றேன்.

"எங்கீங்க! அந்தப் பொண்ணு மேல படிக்கறதுக்கு வெளிநாடு போயிடுச்சுங்க. போயே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சாம்."

நல்ல பெண். எங்கிருந்தாலும் நன்றாகப் படிக்கட்டும்.

மாலையில் வரப்போகிறவர்களின் பட்டியல் போனுக்கு வந்தது. இருபது பெயர். பதினெட்டாவதாகப் பூபதியின் பெயர் வரும் வரை படித்தேன். மண்டபம், சாப்பாடு, யார் யார் வீட்டுக்கு எந்த வரிசையில் போவது என்று நிறைய ஏற்பாடு இருக்கிறது. வழி தவறாமல் இருக்க, ஆலங்குளத்தில் இறங்கியதும் என்னை அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போனின் சத்தத்தைத் திறந்து வைத்தேன். உடனே ஒலித்தது. அம்மா.

எடுத்தேன்.